‘ஆறு’ என்னும் வினையும் நம் கதை மாந்தரும்

நம் நாட்டுச் சிறுகதைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும், சினங்கொண்டு நிற்பவனைத் தேற்றவரும் நண்பன் பெரும்பாலும் ‘அமைதியாக இரு’ என்கிறான். இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் செவி ஏற்க மறுக்கிறது. நம் செவிக்கு அது வகுப்பறைக் கட்டளை. ‘பேசாதே’ என்பதே அதன் பொருள். கொதித்து நிற்பவனிடம் அதைச் சொன்னால் கொதிப்பு மிகுமேயன்றிக் குறையாது. ‘ஓய்வெடு’ என்பதோ மருத்துவர் வாக்கு.

மக்கள் வாயில் வழங்குவன வேறு. ‘சரி, விடுங்கண்ணே’, ‘பதறாதே’, ‘ஆற அமர யோசிக்கலாம்’ என்பர். வேலை முடிந்து வந்தவர் ‘அப்பாடா’ என்று சாய்வார், ‘அக்கடா’வென்று கிடப்பார். இவற்றைக் கொச்சையெனச் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியப் பெருமக்கள், ‘ஆற அமர’ என்பதைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. களைப்பாறுதல், இளைப்பாறுதல் ஆகியனவும் அவ்வினை தந்தனவே. ஔவையார் ஆத்திசூடியின் இரண்டாம் அடியிலேயே சினத்துக்கு இவ்வினையைத்தான் அமைத்தார். அத்தகைய சொல்லைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

நம் உணவுக்கடைகளில் தேநீரை உயரத் தூக்கி ஊற்றுகின்றனர். மலாய்மொழி அதனைத் ‘தாரிக்’, அதாவது இழுத்தல், என்கிறது. கையின் அசைவு அதன் கண்ணிற் பட்டது. தமிழோ ‘ஆற்றுதல்’ எனச் சூட்டின்மீது கண்வைத்தது. ஒரே செயல், பார்வைகள் இரண்டு.

‘ரிலேக் லா’, ‘சாபார்’, ‘லெப்பாக்’ ஆகியவற்றை விலக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. பட்டணத்து இளைஞன் வாயிலிருந்து அவற்றைப் பிடுங்கிவிட்டால் அவன் பொய்ம்மாந்தன் ஆகிவிடுவான். ஆனால் மூன்றையும் ஒன்றாக எண்ணி எழுதுவோர் உளர். ‘சாபார்’ பொறுமையை வேண்டுகிறது. ‘லெப்பாக்’ வேலையின்றிக் கூடிப் பொழுது கழிப்பது. பெரியவர்களின் முகச்சுளிப்பும் அதில் ஒட்டியிருக்கிறது. பரபரத்து வந்த பேரனைத் தேற்றும் தோட்டத்துப் பாட்டியின் வாயில் இவற்றுள் எதுவும் பொருந்தாது. ‘அமைதியாக இரு’ என்பதும் பொருந்தாது. அவள், ‘இருய்யா, மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி’ என்பாள்.