யந்திரம் வாசிக்கக் கேட்டல்

கதாகாலட்சேபம் செய்யும் பாகவதரிடம் எதிர்பார்ப்பதையெல்லாம் கைப்பேசிக்குள்ளிருந்து வாசிக்கும் குரலிடமும் எதிர்பார்த்து, அது கிடைக்காமற் போகவே, மரக்கட்டை பேசுவது போலிருக்கிறதென்று அலுத்துக்கொண்டு நிறுத்திவிட்டவர்களுள் நானும் ஒருவன். கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டு சில நாட்கள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க நேர்ந்தபோதுதான், வேறு கதியின்றி மறுபடியும் அதனிடம் போய்ச் சேர்ந்தேன். முதலில் சகித்தேன், பிறகு பழகினேன், கண் தெளிந்த பின்னரும் அதை விட மனம் வரவில்லை.

ரசிக்கத் தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாம் கேட்கப்போவது நடிகருடைய குரலை அன்று. திண்ணையில் சாய்ந்திருக்கும் பாட்டனாருக்குத் தினசரிப் பத்திரிகையை எழுத்துவிடாமல் வாசித்துக் காட்டும் பேரனுடைய குரலை. யுத்தச் செய்தியையும் வெங்காய விலையையும் அவன் ஒரே சுருதியில்தான் வாசிப்பான். எங்கே வருந்துவது, எங்கே சிரிப்பது என்பதைப் பாட்டனார் பார்த்துக்கொள்வார். அந்தச் சுதந்திரத்தின் ருசி தெரிந்துவிட்டால், வசனத்தை அழுது வாசிக்கும் ஒலிநூல்கள் சில சமயம் மிகையாகத் தோன்றும்.

மனிதக் குரலை யந்திரத்தில் வார்க்கும் ஆசை புதியதன்று. துருத்தியைக் கொண்டு பேசும் கருவியொன்றைச் செய்த கெம்பெலன் என்ற ஐரோப்பியர் அதைப்பற்றிய நூலை 1791-இல் வெளியிட்டார். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில், பெல் ஆய்வுக்கூடத்தாரின் வோடர் என்ற கருவியை, நெடுநாள் பயிற்சி பெற்ற பெண்கள் விரலாலும் காலாலும் இயக்கிப் பேசவைத்தார்கள். இன்று நம் காதில் விழும் குரல்கள் மூன்று ஜாதி: ஒலியைக் கணக்கிட்டு அடியிலிருந்து கட்டியவை, ஒருவர் பேசிப் பதிந்ததைத் துண்டுபோட்டு ஒட்டியவை, பல மணி நேரப் பேச்சைக் கேட்டுத் தாமே பயின்றவை. 2016-இல் வேவ்நெட் என்ற பேச்சாக்க முறை வந்தபின் மூன்றாவது ஜாதியே மேலோங்கியது. இனிமையும் அதற்கே அதிகம். ஆயினும் முதல் ஜாதியை இகழ வேண்டாம். ஈஸ்பீக் என்ற இலவசக் குரல் தகரத்தைத் தட்டினாற்போல ஒலித்தாலும், வேகத்தை இரண்டு மூன்று மடங்கு ஏற்றியபின்னும் அதன் எழுத்துக்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2006-இல் தோன்றிய என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் அக்குரலை அமைத்துக்கொண்டு, பார்வையற்ற நண்பரொருவர், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் முழு மின்னஞ்சலையும் கேட்டுவிடுகிறார். எனக்கு அது ஓட்டின்மேல் மழை விழும் சடசடப்பாகத்தான் கேட்கிறது.

தமிழ்க் குரலைச் சோதிக்க நான் கையாளும் உரைகல் குற்றியலுகரம். 'பசு' என்பதன் இறுதி உகரம் உதடு குவிந்து முழுதாக ஒலிக்க வேண்டும். 'காசு' என்பதில் அதுவே குறுகித் தேய வேண்டும். இரண்டையும் ஒரே அளவாக உச்சரிக்கும் குரலை நெடுநேரம் கேட்டால் காது சலித்துப் போகும். அடுத்தது வல்லினம். கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்றாயினும் ஒலி வேறு. இடம் நோக்கி ஒலி மாறும் இந்த ஒழுங்கு யந்திரத்துக்கு எளிதில் வசப்படும். அது இடறுவது வடசொற்களில். பாட்டி சொல்வதும் கதை, பீமன் தோளில் சுமப்பதும் கதை. "பீமன் கதையை எடுத்துச் சுழற்றினான்" என்பதை ஒரு குரல் பாட்டியின் ககரத்தோடு வாசிக்கக் கேட்டுச் சிரித்தேன்; ஆனால், எழுத்தில் இல்லாத ஒலியை அர்த்தத்தைக் கொண்டு நிரப்பியே இத்தனை வருஷமும் வாசித்து வந்திருக்கிறேன் என்பது, அந்தப் பிழை காதில் விழும்வரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரே பத்தியை வெவ்வேறு குரல்களில் வாசிக்கச் செய்து ஒப்பிடுவதும் நல்ல அப்பியாசம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்றும், இலங்கைக்குச் சரண்யா, குமார் என்றும், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு என்றும், மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்றும் குரல்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். (வள்ளுவர் என்று சூட்டியவருக்குத் துணிச்சல் அதிகம்தான்.)

முதல்முறை கேட்பவர், முன்பே படித்துப் பழகிய கட்டுரையொன்றை எடுத்துக்கொண்டு, எழுத்தைக் கண்முன் வைத்தபடியே, கண்ணும் காதும் சேர்ந்து நடக்குமாறு கேட்க வேண்டும். மிக மெதுவாக வைத்தால் சொற்கள் தனித்தனியே உதிர்ந்து அர்த்தம் கூடுவதில்லை. சாதாரணப் பேச்சைவிடச் சற்றே விரைவாக வைப்பது உத்தமம். செய்யுளைக் கொடுக்க வேண்டாம். சீரும் தளையும் அறியாமல் குரல் அதை உரைநடை போல ஓட்டிவிடும். காற்புள்ளியைக் கண்டால்தான் பல குரல்கள் மூச்சு விடுமாதலால், என்னைப்போல நீண்ட வாக்கியம் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு தண்டனையும்கூட.

உண்மையில், எழுதுகிறவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம். நம் கண் நாம் எழுத எண்ணியதை வாசிக்கும். யந்திரம் எழுதியிருப்பதை வாசிக்கும். மீனவர் கதையொன்றை நான்கு முறை பார்த்துத் திருத்திவிட்டு, ஐந்தாம் முறை குரலிடம் ஒப்படைத்துக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். புயல் அடித்தது, பாய் கிழிந்தது, கதாநாயகன் படகோடு கடனில் மூழ்கினான் என்று அது சற்றும் தயங்காமல் வாசித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஓரெழுத்தை மாற்றி அவனைக் கடலில் மூழ்கடித்தேன்.