பின்னே வர மறுக்கும் முன்பிடி: ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ்

பம்ப் ஷாட்கன் வாங்குகிறவர் நம்பிக் காசு கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். முன்பிடியைப் பின்னே இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழ வேண்டும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏற வேண்டும். ரெமிங்டன் 870 அந்தக் காரியத்தை 1950 முதல் செய்துவந்த துப்பாக்கி. 2009இல் ஒரு கோடியைத் தொட்ட அதன் விற்பனை வெறும் விளம்பரத்தால் வந்ததல்ல. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர் முதல் காவல்துறை வரை அதைக் கையில் எடுத்தவர்கள் அதன் இயக்கத்தை நம்பினார்கள். 1987இல் அதே வடிவத்தை விலை குறைத்து, மங்கலான பூச்சோடு ‘எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ரெமிங்டன் கொண்டுவந்தது. 12 கேஜ், 3 அங்குல சேம்பர், இரட்டை ஆக்‌ஷன் பார், ஒரே எஃகுத் துண்டில் கடைந்தெடுத்த ரிசீவர் என்று அதன் விவரங்கள் இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை வாங்கியவர்களிடையே பல ஆண்டுகளாகப் புழங்கும் புகாரும் அப்படியே: முதல் பெட்டித் தோட்டாவிலேயே, சுட்ட பிறகு முன்பிடி இறுகிக்கொள்கிறது. புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘புதுசு அப்படித்தான் இருக்கும், இன்னும் சில நூறு தோட்டா சுடுங்கள், தானாக இளகிவிடும்’ என்பது. அந்தப் பதில் தவறு என்பதே என் வாதம். இந்த இறுக்கத்துக்குத் துப்பாக்கியின் வடிவமைப்பு காரணமில்லை, அதன் புதுமையும் காரணமில்லை. தொழிற்சாலையில் முடித்திருக்க வேண்டிய ஒரு கடைசி வேலை முடிக்கப்படாமல் வாங்கியவர் தலையில் இறங்கியிருக்கிறது.

இதை நிறுவ வேண்டுமானால் எது இறுக்கம், எது இறுக்கமில்லை என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். போல்ட் மூடி, உள்ளே சுத்தி ஏறி நிற்கும்போது 870இன் முன்பிடி அசையவே அசையாது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். டிரிகர் கார்டின் முன்புறம் இடப்பக்கத்தில் இருக்கும் பூட்டு விடுவிப்பை அழுத்தினால் திறக்கும். முதல் துப்பாக்கியாக இதை வாங்குகிறவர்களில் பலர் இந்தப் பூட்டையே கோளாறு என்று எண்ணி இழுத்துப் போராடுகிறார்கள். அது இல்லையென்றால், சேம்பரும் மேகசினும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, வெறும் துப்பாக்கியில் முன்பிடியை முழுத் தூரம் இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போதே கரகரவென்று மாட்டினால், பெட்டியிலிருந்து வந்த பாதுகாப்பு எண்ணெய் துடைக்கப்படாமல் பசையாகியிருக்கலாம், அல்லது ஆக்‌ஷன் பாரின் ஓரத்தில் பிசிறு நிற்கலாம். இரண்டும் சின்ன விஷயம். வெறுமையாக நன்றாக ஓடி, போலித் தோட்டா போட்டால் மட்டும் மாட்டுகிறதென்றால், மேகசினிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக விடும் தாழ்களைச் சந்தேகிக்க வேண்டும். ரிசீவர் சுவரில் அடித்துப் பொருத்திய அந்தத் தாழ் தளர்ந்திருந்தால், வேண்டாத நேரத்தில் ஒரு தோட்டா நழுவி போல்டுக்கு அடியில் சிக்கும். எக்ஸ்பிரஸைப் பற்றிய பெருவாரியான புகார் இந்த இரண்டிலும் சேராது. வெறுமையாக வெண்ணெய்போல ஓடுகிறது, போலித் தோட்டாவை ஏற்றி இறக்குகிறது, சுட்ட பிறகு மட்டும் வர மாட்டேன் என்கிறது. அதாவது கோளாறு நகரும் பாகங்களில் இல்லை. சுடும்போது மட்டும் ஏதோ மாறுகிறது, மாறுகிற இடம் தோட்டா அமரும் சேம்பர்.

சேம்பருக்குள் நடப்பது இதுதான். 3 அங்குலம் வரையிலான 12 கேஜ் தோட்டாவுக்குத் தொழில்துறைத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. வெடிக்கும் கணத்தில் தோட்டாவின் உலோக அடிப்பாகம் விரிந்து சேம்பர் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் சுருங்கிப் பிடியை விட வேண்டும். சுவர் மெருகாக இருந்தால் விடும். சேம்பரைக் குடையும் ரீமர் சுற்றிய வளையக் கோடுகள் சுவரில் அப்படியே நின்றால், விரிந்த உலோகம் அந்தக் கோடுகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் பம்ப் துப்பாக்கியின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் கைப்பிடியை மேலே தூக்கும்போதே ஒரு சாய்தளம் கூட்டை மெல்ல நெம்பித் தளர்த்திவிடும். 870இல் அந்த நெம்பல் கிடையாது. முன்பிடி நகரும் முதல் கொஞ்ச தூரத்தில் பூட்டுக்கட்டை கீழே இறங்கும், அவ்வளவுதான். அடுத்து போல்ட் நேராகப் பின்னே வர வேண்டும், எக்ஸ்ட்ராக்டர் கூட்டின் விளிம்பை ஒரு பக்கத்தில் மட்டும் பற்றி இழுக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட கூட்டுக்கு எதிராக நிற்பது சுடுகிறவரின் தோள்பலம் ஒன்றே. ஆகவே மற்ற வகைத் துப்பாக்கியில் மன்னிக்கப்படக்கூடிய சொரசொரப்பு இதில் மன்னிக்கப்படுவதில்லை. இதைத் தயாரிக்கிறவருக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை. அதே 870 வடிவத்தில், கூடுதல் மெருகோடும் கூடுதல் விலையோடும் வந்த விங்மாஸ்டர் இந்தப் புகாருக்குப் பேர்போனதல்ல என்பதே போதுமான சாட்சி.

‘குற்றம் தோட்டாவில்தான், துப்பாக்கியில் இல்லை’ என்று மறுப்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மலிவு விலைப் பெரும் பெட்டிகளில் வரும் பல தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளை நிறம் பூசிய எஃகு. பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், பித்தளைக்கு அதில் பாதி. அதனால் ஒரே அளவு பலமுள்ள உலோகமாக வைத்துக்கொண்டால், விரிந்த பித்தளை எஃகைப்போல இரு மடங்கு தூரம் பின்வாங்கும். பித்தளை அடி கொண்ட போட்டித் தோட்டா சிக்காமல் வந்துவிழும் அதே குழலில் எஃகு அடி கொண்டது ஒட்டுவதற்கு இதுவே காரணம். ஆனால் இந்த விளக்கம் துப்பாக்கியை விடுவித்துவிடுவதில்லை. அதே மலிவுத் தோட்டா மெருகேற்றிய சேம்பரிலிருந்து தடையின்றி வருகிறது. மேலும் எக்ஸ்பிரஸ் சிக்கனமாக வாங்குகிறவருக்காகச் செய்த துப்பாக்கி. அவர் விலை கூடிய போட்டித் தோட்டா வாங்கப்போவதில்லை. கடையில் அடுக்கிவைத்திருக்கும் நூறு தோட்டாப் பெட்டியைத்தான் எடுப்பார். அந்தத் தோட்டாவில் ஓடாத சிக்கனத் துப்பாக்கி தன் ஆளையே கைவிடுகிறது.

‘குறைந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்’ என்பது அடுத்த மறுப்பு. பளபளப்பில்லாத பூச்சு, அழுத்தி எடுத்த கோடுகள் போட்ட மரம், கொஞ்சம் கவனம் தவறினால் துரு ஏறும் மேற்பரப்பு, இவற்றையெல்லாம் விலைக்காக ஏற்கலாம், நான் ஏற்கிறேன். அவை கண்ணுக்கானவை. சேம்பர் சுவர் அப்படியல்ல, துப்பாக்கி இரண்டாவது முறை சுடுமா என்பதே அங்கேதான் முடிவாகிறது. சிக்கனத்தை எங்கே காட்டலாம், எங்கே காட்டக்கூடாது என்று பிரித்தறிவதுதான் மலிவான நல்ல பொருளைச் செய்கிறவரின் திறமை. ‘சுடச்சுடத் தேய்ந்து சரியாகும்’ என்பவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஆக்‌ஷன் பாரும் போல்டும் உலோகத்தின் மேல் உலோகமாக உரசுகிறவை. அவை பழகப் பழக வழுவழுப்பாகும் என்பது சரி. சேம்பரில் அப்படி உரசுவது மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஒரு கூடு, ஒரு தோட்டாவுக்கு ஒரு தடவை. போதாததற்கு, உருகிய பிளாஸ்டிக்கும் வெடிமருந்துக் கரியும் அந்தக் கோடுகளில் போய் அடைந்து பிடியைக் கூட்டவும் செய்யும். சிலருக்குத் தானாகச் சரியாவது உண்மைதான், ஆனால் அதற்குள் அவர்கள் செலவழித்த தோட்டாவின் விலையில் சேம்பரை மெருகேற்றும் வேலையைப் பலமுறை செய்து முடித்திருக்கலாம். ‘இழுவை போதாது, முழுத் தூரம் வேகமாக இழுக்கத் தெரியவில்லை’ என்று சுடுகிறவரைக் குறை சொல்வது இன்னொரு பழக்கம். அரைகுறையாக இழுத்தால் கூடு சரியாக வெளியே விழாது, அல்லது அடுத்த தோட்டா ஏறாது. முன்பிடி முதல் அங்குலத்திலேயே கல்லாக நிற்காது. இரண்டும் வேறு வேறு அறிகுறிகள்.

பரிகாரம் எளிது. காலியான துப்பாக்கியில் மேகசின் மூடியைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். சேம்பரைக் கரைப்பான் கொண்டு நன்றாகக் கழுவித் துடைத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் வளையக் கோடுகள் தெரியும். பழைய பிரஷ் ஒன்றில் 0000 ரக இரும்பு நாரைச் சுற்றி, சேம்பருக்குள் இதமாக இறுகும் அளவுக்குப் பருமனாக்கி, எண்ணெய் தோய்த்து, பின்பக்கமிருந்து நுழைத்துக் கைத்துளைப்பானில் மெதுவாகச் சுழற்றினால் போதும். சேம்பர் முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. உப்புத்தாளையோ அரத்தையோ கிட்டவே கொண்டுபோகக்கூடாது. இங்கே வேலை கோட்டின் முனைகளை மழுக்குவது மட்டும்தான், சேம்பரைப் பெரிதாக்குவதல்ல. அளவு கூடிப்போன சேம்பரில் கூடு இன்னும் அதிகமாக விரியும், திருப்பிச் சரிசெய்யவும் முடியாது. பிறகு துகள் ஒன்றும் தங்காமல் துடைத்துவிட்டு, முன்பு ஒட்டிய அதே ரகத் தோட்டாவால் சோதிக்க வேண்டும். வேறு ரகத்தால் சோதித்தால் எது சரியானது என்றே தெரியாது.

சோதனையின்போது மறுபடி ஒட்டினால் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் குத்தி முன்பிடியை இழுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உள்ளே இருப்பது சுட்ட கூடு என்று உறுதியாகத் தெரியாதபோது அதைச் செய்யவே கூடாது. வெடிக்காத தோட்டா உள்ளே மாட்டியிருந்தால் குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி துப்பாக்கித் தொழிலாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

பலர் மெருகேற்றுவதற்கு முன்பே எக்ஸ்ட்ராக்டரை மாற்றிவிடுகிறார்கள். பிற்கால எக்ஸ்பிரஸ்களில் வந்தது உலோகத்தூளை அச்சில் வார்த்து எடுத்தது, காவல்துறை ரகத்தில் இருப்பது கடைந்தெடுத்தது; ஆகவே மாற்றுவதில் தவறில்லை, வரிசைதான் தவறு. கூட்டைச் சுவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது வலுவான கொக்கியைப் போட்டால் அது விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும், கூடு உள்ளேயே நிற்கும். முதலில் சேம்பர். அது மெருகான பிறகும், முன்பிடி லேசாகப் பின்னே வந்து, கூடு மட்டும் உள்ளே தங்கிவிட்டால் அப்போது எக்ஸ்ட்ராக்டரையும் அதன் ஸ்பிரிங்கையும் மாற்றலாம். ரெமிங்டனின் 2020 திவாலுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் வரிசை நின்றுபோனாலும், சுடப்படாமலே கைமாறுகிற துப்பாக்கிகள் இன்னும் கிடைக்கின்றன. பிடித்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். வாங்கும்போதே குழலைக் கழற்றி, சேம்பருக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க விடச்சொல்லிக் கேளுங்கள். கோடு தெரிந்தால் ஒரு மணி நேர மெருகு வேலையையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பேசுங்கள்.