கட்டு

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கோயில் கொடைக்குப் பொய்க்கால் குதிரை இறங்கும் நாளில், ஆட்டம் தொடங்க அரை மணி முன்பே போய்விடுவேன். ஆட்டக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து, மரக்கட்டைமேல் பாதத்தை வைத்துத் துணிப்பட்டையை முழங்கால் வரை சுற்றுவார். ஒரு சுற்று கூடுதலாக இறுகினால் கால் மரத்துப்போகும். தளர்ந்தால் கட்டை நழுவும். பிறகு குதிரைக்கூட்டைத் தோள்வாரில் மாட்டிக்கொள்வார். எழுந்துவிட்டால் அப்புறம் அவரால் சும்மா நிற்க முடியாது. கட்டையின் அடி அவ்வளவு சின்னது. கால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தத்தளிப்பை நையாண்டி மேளம் தாளத்துக்குள் வாங்கிக்கொள்ளும்போது மூங்கிலும் காகிதமும் குதிரையாகின்றன.

தஞ்சை மராத்தியர் காலத்தில் தமிழகம் வந்த ஆட்டம் என்பார்கள். அது உண்மையானால், தமிழர் தோளேறி மராத்திய மண்ணுக்கே திரும்பியிருக்கிறது. மரக்கால் ஆட்டம் நமக்கு அதைவிடப் பழையது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் அதுவும் ஒன்று.

எங்கள் லைனில் ஒரு பெண் டேப்லெட்டில் இந்தக் குதிரையை வரைந்திருந்தாள். ஜிகினா, கண்ணாடிச் சில்லு, குஞ்சம் எதுவும் விடுபடவில்லை. "ஆனா பொம்மையாட்டம் இருக்கே மாமா" என்றாள். குதிரை ஒரு லேயர், ஆள் ஒரு லேயர். தோள்வார் எங்கும் இல்லை. இரண்டு கட்டைகளும் தரையில் ஆணி அடித்தது போல நின்றன.

டிரினிடாட் கார்னிவல் வீடியோக்களை அவளுக்குக் காட்டினேன். வேஷம் கட்டி ஆடுவதை அங்கே 'மாஸ்' ஆடுவது என்பார்கள். மரக்காலில் உயர்ந்து நடக்கும் மோக்கோ ஜம்பி, ஆப்பிரிக்காவிலிருந்து போன மரபு. டிஜிட்டல் ஓவியர்கள் பெரும்பாலும் அந்த விழாவின் இறகுகளையும் மணிகளையும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. இறகை ஒரு பிரஷ் போட்டுவிடும். கம்பியை வளைத்து உடம்பில் ஏற்றுகிறவரின் கணக்கைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

டிரினிடாட் மாஸ் கலைஞர் பீட்டர் மின்ஷல் 1990இல் தெருவில் இறக்கிய டான் டான், சாகா பாய் ராட்சதப் பொம்மைகளைப் பாருங்கள். பொம்மையின் பாதம் ஆட்டக்காரரின் பாதத்தோடு பிணைந்திருக்கும். மனிதர் இடுப்பை ஒடித்தால் தலைக்கு மேலே அந்தப் பேருருவும் ஒடிக்கும். எவ்வளவு நுட்பமான கட்டு! வேஷம் 'கட்டுவது' என்று நம் கூத்துக்காரர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

அவள் மறுபடி வரைந்தாள். தோள்வார் அழுந்திய இடத்தில் சட்டை சுருங்கியிருக்கிறது. வலது கட்டை தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியிருக்கிறது. குதிரையின் கழுத்து இடப்பக்கம் சாய்கிறது. ஜிகினா வேலையை இன்னும் தொடங்கவில்லை.