வாரத் தேர்வில் 'விடை தெரியவில்லை'

தமிழ்நாட்டின் மிக உயரமான கோபுரம் எது? திருவண்ணாமலை வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி ஒரு பொறி. 217 அடி ராஜகோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவரின் கை யோசிக்காமல் அந்த விடைக்குப் போகும். சரியான விடை ஸ்ரீரங்கம். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்ற அதன் தெற்கு ராஜகோபுரம் 1987இல்தான் 236 அடியாக எழும்பி நிறைவடைந்தது. அதற்கு முன்பு அச்சான கைடில் அண்ணாமலையார் கோயில் என்று இருந்தால் அது அன்றைக்குச் சரி. பொது அறிவு வாரத் தேர்வின் பயனும் ஆபத்தும் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அரசு வேலை என்பது கண்ணுக்கெதிரே நிற்கும் கட்டடம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வாரத் தேர்வு. தனியார் பயிற்சி மையமானாலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டமானாலும் மாதிரித் தேர்வு இல்லாத பயிற்சி இல்லை. கொல்கத்தாவில் 1967இல் நீல் ஓ'பிரையன் பொதுமக்களுக்காக வினாடி வினா நடத்தியபோது அது மாலைப்பொழுது விளையாட்டு. 2000இல் சன் டிவியின் 'கோடீஸ்வரன்' நிகழ்ச்சியில் சரத்குமார் கேள்வி கேட்டபோது அது வீட்டுக்கூடத்துக் கேளிக்கை. குரூப் 4 எழுதுபவருக்கோ அது பிழைப்பு. 2025இல் 3,935 பணியிடங்களுக்குப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள்.

இத்தனை பேர் நம்பும் இந்த வாரத் தேர்வு முறையில் சாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியை மாணவர்களில் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வார இடைவெளியில் தேர்வு வைப்பது வீண் வேலையில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

தவறுக்கும் பலன் உண்டு. அடித்துச் சொல்லிவிட்டுத் தோற்ற விடைதான், திருத்தியபின் நன்றாக மனதில் நிற்கிறது என்று உளவியலாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001இல் காட்டினார்கள். கோபுரக் கேள்வியில் உறுதியாகத் திருவண்ணாமலை என்று எழுதியவர் ஸ்ரீரங்கத்தை லேசில் மறக்கமாட்டார். ஆனால் அந்தத் திருத்தம் அவரை வந்து சேர்ந்திருக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

சாத்தனூர் அணை எந்த ஆற்றின் குறுக்கே இருக்கிறது? செய்யாறு, பாலாறு, தென்பெண்ணை, காவிரி. விடை தென்பெண்ணை. தெரியாதவர் செய்யாறு என்று வட்டத்தைக் கருப்பாக்குகிறார். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கிறார். அவர் தலைக்குள் சாத்தனூரும் செய்யாறும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. கொள்குறி வினாவில் பொய்யாகக் கொடுக்கப்படும் விடைகளைப் பின்னாளில் மாணவர்கள் உண்மையென்றே எழுதுகிறார்கள் என்பது ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் கண்டது. உடனே சரியான விடையைச் சொல்லிவிட்டால் இந்தக் கெடுதல் பெருமளவு குறைகிறது என்று 2008இல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஆக, வாரத் தேர்வு அறிவைக் கூட்டுமா, பிழையை விதைக்குமா என்பதைத் தேர்வுக்குப் பிந்தைய நேரம்தான் முடிவு செய்கிறது. நடைமுறையில் அந்த நேரம்தான் முதலில் வெட்டப்படுகிறது. 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். விளக்கத்துக்கு, 'ஆன்சர் கீ குரூப்பில் போட்டாச்சு' என்ற ஒரு வரி.

இன்னொரு குறை ஒற்றை வரிக் கேள்வி. திருவண்ணாமலை மாவட்டம் உருவான ஆண்டு? 1989. இதைக் கைடைப் புரட்டிய எல்லோரும் சொல்வார்கள். வட ஆற்காடு பிரிந்தபோது இந்த மாவட்டத்துக்கு வைத்த பெயர் 'திருவண்ணாமலை சம்புவராயர்' என்பதும், எஞ்சிய பகுதி 'வட ஆற்காடு அம்பேத்கர்' ஆனது என்பதும் கேள்வியில் வராது. போளூர் அருகே இன்று படவேடு எனப்படும் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் சம்புவராயர்கள். தென்மாவட்டச் சாதி மோதல்களை அடுத்து 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கியபோது சம்புவராயரும் போனார். இடைக்கால வரலாறும் அண்மைக்கால அரசியலும் ஒன்றாகச் சேரும் இடம் இது. தேர்வுக்கு வேண்டியது நான்கு இலக்கம் மட்டும். டி.என்.பி.எஸ்.சி.யின் வினாத்தாளிலோ 'கூற்று, காரணம்' வகைக் கேள்விகளும் வருகின்றன. ஒற்றை வரியை மட்டுமே மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுகிறார்.

அந்தத் தேர்வின் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் ஒரு வேடிக்கை உண்டு. A, B, C, D என்ற நான்கு வட்டங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக E. அதன் பொருள் 'விடை தெரியவில்லை'. 2019 செப்டம்பர் குரூப் 4 தேர்வில் சிலர் அழியும் மையால் விடையளிக்க, பிறகு வேறு கைகள் சரியான விடைகளை நிரப்பின. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. காலி வட்டம் இருந்தால்தானே நிரப்புவார்கள் என்று 2020இல் இந்த E வந்தது. எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் கழியும். ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை நிரப்பினோம் என்று எண்ணி எழுதவும் அப்போது சொன்னார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், உண்மைத் தேர்வில் E-யைத் தொடுவது நஷ்டம். குருட்டாம்போக்கில் ஒன்றை அடித்தால் நான்கில் ஒரு வாய்ப்பாவது கிடைக்கும்.

வாரத் தேர்வில் கணக்கு நேர்மாறு. அங்கே குருட்டாம்போக்கில் அடித்துக் கிடைத்த மதிப்பெண் எழுதுபவரையே ஏமாற்றுகிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி, அடுத்த வாரம் படிக்க வேண்டிய பட்டியலிலிருந்து அந்தப் பாடத்தை நீக்கிவிடுகிறது. உண்மைத் தேர்வின் சின்ன நகலாகவே வாரத் தேர்வை நடத்துவதுதான் இந்தப் பழக்கத்தின் அடிப்படைப் பிழை. ஒன்று ஆட்களை வடிகட்ட வந்தது. மற்றொன்று ஓட்டையைக் கண்டுபிடிக்க வந்தது. அங்கே ஒதுக்க வேண்டிய E, இங்கே எல்லாவற்றையும்விடப் பயனுள்ள வட்டம்.

இதைச் சீர்செய்யப் பெரிய செலவில்லை. கேள்விகளை 200இலிருந்து 60 ஆக்கலாம். மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொன்றையும் பேசலாம். அவற்றில் இருபதை விருப்ப விடைகள் இல்லாமல் வெறும் கோடு போட்டுக் கேட்கலாம். விடையோடு ஆண்டையும் அச்சிடலாம். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள். 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடியோடு திருவண்ணாமலையும் சேர்ந்து 25. பழைய கைடை வைத்துப் படிப்பவர் தன் ஊரையே விட்டுவிட்டு விடை எழுதுவார்.

இதற்கு மையங்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. இப்படி நடத்தினால் மதிப்பெண்கள் சரியும். 170, 180 என்று பெயர் போட்டுப் பலகையில் ஒட்ட ஆள் இருக்காது. பெற்றோர் கேட்பதும் புதிதாகச் சேர வருபவர் பார்ப்பதும் அந்தப் பலகையைத்தான். மாணவர்கள் முதல் மாதம் சோர்ந்துபோவார்கள். ஆனால் கட்டணம் வாங்காத பயிலும் வட்டங்களுக்குப் பலகைக் கவலை குறைவு. மாற்றத்தை அங்கிருந்து தொடங்குவது எளிது.