காற்றுக்கு வேலி

விஞ்ஞானம் ஈன்றெடுத்த குழந்தைகளில் வானொலியைப்போல் வேற்றுமை பாராட்டாத குழந்தை வேறொன்றில்லை. மாளிகையிலும் அது பேசும், மண்குடிசையிலும் பேசும். 'எட்டி நில்' என்று எவரையும் அது விரட்டுவதில்லை. கோயில் மதிலைத் தாண்டும், சேரியின் எல்லையைக் கடக்கும், சபாவின் வாயிலில் நுழைவுச் சீட்டுக் கேட்போனைக் கண்டு அஞ்சாது உள்ளே போய் வெளியே வரும். அலைக்குச் சாதி தெரியாது. ஆனால், அலையை ஏவும் அறையிலே அமர்ந்திருந்தோருக்குத் தெரிந்திருந்தது!

வானொலி இசையை மக்களிடம் கொண்டு சேர்த்ததா? சேர்த்தது, மறுப்பார் இல்லை. எந்த இசையை, எந்த மொழியில், யார் வகுத்த முறைப்படி சேர்த்தது? அதுவே நாம் இங்கு ஆராய விரும்புவது.

1924-இல் சென்னையில் ஆர்வலர் சிலர் கூடி மாகாண வானொலிக் கழகமொன்றைத் தொடங்கினர். பணமுடையால் அது 1927-இல் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. பின்னர், 1938 சூன் 16-இல் சென்னையிலும் 1939 மே 16-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன.

அதற்கு முன் இசை எங்கே இருந்தது? சமீன்தார் மாளிகையில் இருந்தது. செல்வர் வீட்டுத் திருமணப் பந்தலில் இருந்தது. பட்டணத்துச் சபாவில் இருந்தது. கேட்க விரும்புவோனுக்குப் பணம் இருக்கவேண்டும். இல்லையேல் தக்க 'பிறப்பு' இருக்கவேண்டும். வீதியுலாவில் ஒலித்த நாதசுரமோ, தேரோடும் வீதிக்கு உரியதாக இருந்தது. தேர் நுழையாத தெருவினன் தொலைவிலே நின்று, காற்று இரங்கிக் கொணர்ந்ததைக் கேட்டான். இந்த நிலையை வானொலி உடைத்தது. ஊராட்சி மன்றத்துப் பெட்டியும் தேநீர்க் கடைப் பெட்டியும் பாடத் தொடங்கிய நாளில், ஏர் பிடித்தவனும் தறி நெய்தவனும் பெரும் வித்துவான்களின் குரலைத் தம் ஊரிலிருந்தே கேட்டனர். எந்தச் சீர்திருத்தக்காரனும் ஒரே நாளில் செய்ய இயலாத செயல் அது.

வித்துவானுக்கும் வானொலி நன்மை செய்தது. புரவலரின் முகங்கோணாமல் பார்த்துக் காத்திருந்தவனுக்குத் தரம் பிரித்துக் கூலி வகுத்தது. தேர்வின்போது பாடுவோரின் பெயரை மறைத்து, குரலை மட்டும் கேட்டு மதிப்பிடும் முறையையும் கொண்டுவந்தது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, பெயருக்குப் பின்னே தொங்கும் வாலும் தெரியாது. காது மட்டுமே நீதிபதி! இதனைப் பாராட்டத்தான் வேண்டும். 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியால், தென்னாட்டார் பாடியதை வடநாட்டாரும் வடநாட்டார் பாடியதைத் தென்னாட்டாரும் கேட்டனர். அதனையும் பாராட்டுவோம்.

ஆயினும், மதிலைத் தகர்த்த அதே கருவியைக் கொண்டு மறுபடியும் வேலி கட்டினரே, அது எப்படி? வேலிக்கு அவர்கள் இட்ட பெயர் 'தூய்மை'. அந்தத் தூய்மை யார் யாரை வெளியே நிறுத்திற்று என்று பார்ப்போம்.

முதலில் வெளியேற்றப்பட்டது ஆர்மோனியம். 1940 மார்ச்சு முதல் நாளன்று வானொலி நிலையங்களில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. காரணம் கூறினர்: அதன் கட்டைகள் அசையா ஒலிகள், சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லவும், ஒரு சுரத்தை அசைத்து உயிரூட்டவும் அதற்கு வராது, கமகமில்லாத இடத்தில் நம் இசை இல்லை. இந்தக் காரணத்தில் உண்மை உண்டு. தோடியின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் தேடுவோன் ஏமாறத்தான் செய்வான். பிடிலும் கடல் கடந்து வந்ததே. அதற்குத் தடையில்லை, ஏனெனில் அதன் நரம்பிலே விரல் வழுக்கும். இதுவரை நியாயம்.

ஆனால் நாம் கேட்கிறோம்: தமிழ்நாட்டில் ஆர்மோனியம் யார் கையில் இருந்தது? நாடகக் கொட்டகையில் இருந்தது. விடிய விடிய நடந்த தனி நாடகங்களிலே, ஊர் ஊராகச் சென்ற குழுக்களிலே, அதுவே அரசு வீற்றிருந்தது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய மேடைகளில் அது துணை நின்றது. வீணை வாங்க வகையற்றவன் பாடிப் பழகிய பெட்டி அது. தனி இசைக்கு ஒவ்வாது என்று சொல்லி நிறுத்தியிருந்தால் அது இசைத் திறனாய்வு. பாட்டுக்குத் துணையாகக்கூட வாசிக்கலாகாது என்று கதவடைத்தது திறனாய்வன்று, தீட்டு! அந்தத் தீட்டு கழிய 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் கதவு முழுதும் திறக்கவில்லை. பக்கவாத்தியமாகப் பாதிக் கதவே திறந்தது.

அடுத்து வெளியேற்றப்பட்டோர் பெண்கள். 1946-இல், செய்தி ஒலிபரப்புத் துறை வல்லபாய் பட்டேல் வசம் இருந்த காலத்தில், தனி வாழ்வு ஊரறிந்த பழிக்கு உள்ளானோர் வானொலியில் பாடலாகாது என்று விதித்தனர். விதியின் கணை யாரை நோக்கிப் பாய்ந்தது என்பதை எல்லோரும் அறிவர். வடநாட்டில் தலைமுறை தலைமுறையாக இசையைக் காத்து வந்த கணிகையர் குலப் பாடகியரை நோக்கியே பாய்ந்தது. அவர்தம் வீட்டு வாயிலில் காத்துக்கிடந்த கனவான்களின் தனி வாழ்வை எவரும் துருவவில்லை! கேட்டவன் கண்ணியவான், பாடியவள் களங்கமுடையவள்! என்னே நீதி!

பொட்டுக்கட்டும் கொடுமையை நாம் எதிர்த்தோம். முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று முழங்கினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதனை ஒழிக்கும் சட்டம் வந்தது. ஆனால், கொடிய வழக்கத்தை ஒழிப்பது வேறு. அந்த வழக்கத்திற்கு இரையானவளின் வாயை அடைப்பது வேறு. முன்னது விடுதலை, பின்னது இரண்டாம் தண்டனை. வீணை தனம்மாளின் மரபை எண்ணிப் பார்ப்போருக்கு, அத்தகைய இல்லங்களிலே எத்துணைச் செல்வம் காக்கப்பட்டது என்பது விளங்கும். அந்தச் செல்வத்தை எடுத்துக்கொண்டு, காத்தவளை மட்டும் 'வெளியே நில்' என்பது களவுக்கு நிகரன்றோ?

மூன்றாவது, திரைப்பாட்டு. 1952 முதல் 1962 வரை ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர், திரைப்பாட்டை மலினமென்று கருதி வானொலியில் அதன் நேரத்தைக் குறுக்கினார். விளைவு? மக்கள் சாத்திரிய இசைக்குத் திரும்பவில்லை. பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர்! 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கியே அரசு தன் நேயர்களை மீட்க வேண்டியதாயிற்று. மலினமான பாட்டும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1944-இல் வெளிவந்த ஹரிதாசில், பாபநாசம் சிவன் எழுதிய தமிழைத் தியாகராச பாகவதர் சாருகேசி இராகத்தில் பாடியபோது, இராகத்தின் பெயரறியாத பல்லாயிரவர் நாவில் அந்த இராகம் குடியேறிற்றே! பாமரனையும் இராகத்தையும் இணைத்த அந்தப் பாலத்தை உடைத்துவிட்டு, 'இக்கரைக்கு எவரும் வரவில்லையே' என்று வருந்துவதில் என்ன பயன்?

இவை யாவற்றினும் பெரிது மொழி. சபாக் கச்சேரியில் இடங்கள் வகுக்கப்பட்டிருந்தன: வருணம், கீர்த்தனைகள், நடுநாயகமாக விரிவான உருப்படி, இராகம் தானம் பல்லவி, இவை யாவும் முடிந்தபின் கடைசியில் துக்கடா. முன்னவை பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும். தமிழுக்குத் துக்கடாவில் இடம். விருந்தினருக்குத் தலைவாழை இலை, வீட்டுக்காரனுக்கு அடுப்பங்கரை மிச்சம்! வானொலி இந்த வரிசையை ஆராயவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஒலிபரப்பிற்று. அரங்கில் இருந்த சில நூறு பேருக்கு மட்டும் பழக்கமான வரிசை, நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

இதனை எதிர்த்தே 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அண்ணாமலை அரசர் பொருள் தந்தார், கல்கியும் டி. கே. சி.யும் எழுதினர், பெரியாரும் அண்ணாவும் மேடைதோறும் முழங்கினர். மற்றதில் ஒன்றுபடாதவர்களெல்லாம் இதில் ஒன்றுபட்டனர்.

மறுப்பாளர் கேட்டனர்: 'இசைக்கு மொழி ஏது?' சுரத்திற்கு மொழியில்லை, உண்மை. இராசரத்தினம் பிள்ளையின் நாதசுரம் ஒரு சொல்லும் இல்லாமலே தோடியைக் கடலாக்கிக் காட்டிற்று. ஆனால் வாய்ப்பாட்டில் சொல் இருக்கிறதே! பாடலை எழுதியவர் பொருளற்ற ஒலியாகவா அதை எழுதினார்? தியாகராயர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர். தமிழ் மண்ணில் இருந்தும் அவர் தெலுங்கில் பாடினார். ஏன்? அது அவர் தாய்மொழி. அவர் உள்ளம் அதிலேதான் உருகிற்று. அதனை நாம் போற்றுகிறோம். தாய்மொழியில் பாடுவது தியாகராயருக்குப் பெருமையெனில், தமிழனுக்கு மட்டும் அது குற்றமாவது எங்ஙனம்?

'தமிழில் பாடுதற்குத் தரமான உருப்படிகள் இல்லை' என்றும் கூறினர். மும்மூர்த்திகளுக்கு முன்னரே தோன்றிய முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் பாடி வைத்தவை என்னவாயின? தேவாரப் பண்கள் என்னவாயின? சிலம்பின் அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் சுரங்களுக்கும் பாலைகளுக்கும் இலக்கணம் பேசுகின்றனவே! 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகர'த்தையும், 1947-இல் விபுலானந்த அடிகள் 'யாழ் நூ'லையும் தந்தது எதற்காக? இல்லாத ஒன்றைப் பற்றியா இத்தனை பக்கங்கள்?

நாதசுரத்திற்கு வானொலி இடம் தரவில்லையா என்று கேட்கலாம். தந்தது; விடியற்காலை 'மங்கல இசை' என்று தந்தது. நன்றி. ஆனால் அதுவும் வாயிலில் நிறுத்தும் மரியாதைதான். வீதியுலாவில் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்த கலைக்கு, ஊரார் பல் விளக்கும் வேளையில் சிறுபொழுது அளந்து தருவது கலையை வாழ்த்துவதாகுமா, நாளை வாழ்த்துவதாகுமா?

'இன்று ஏன் இந்தப் பழங்கணக்கு? கைப்பேசி வந்துவிட்டதே, வேண்டியதைக் கேட்கலாமே' என்பர். வேண்டியதைக் கேட்கலாம், ஆனால் அறிந்ததைத்தானே ஒருவன் வேண்டுவான்! எதை அறியலாம் என்பதை நமக்கு முக்கால் நூற்றாண்டாக வகுத்துத் தந்தது வானொலி. மறைந்த மேதைகளின் குரலும் விரலும் அதன் ஒலிக் களஞ்சியத்தில் உறங்குகின்றன. சிலவற்றை இசைத்தட்டாக வெளியிட்டனர், அது போதாது. அவை மக்கள் வரிப்பணத்தில் பதிந்தவை, மக்களின் உடைமை. நேரமில்லை என்ற சாக்கும் இனி எடுபடாது. 2016 சனவரி 26 அன்று, இருபத்துநான்கு மணி நேரமும் சாத்திரிய இசைக்கென்றே 'ராகம்' எனும் தனி அலைவரிசை தொடங்கப்பட்டது. நாள் முழுவதும் பாட நேரமிருக்கும்போது, தமிழுக்குத் துக்கடா நேரம் எதற்கு?

நம் கோரிக்கைகள் எளியவை. களஞ்சியத்தில் உள்ள நாதசுரப் பதிவுகளை இரவு நேரத்தில், வெட்டாமல், முழுமையாக ஒலிபரப்புக. தமிழ் உருப்படியைக் கச்சேரியின் நடுவிலே வைத்து விரித்துப் பாடுவோருக்கு உரிய இடம் தருக. ஓதுவார் பண்ணையும் பறையின் அடவையும் வில்லுப்பாட்டையும் 'கிராமிய' மூலையில் ஒதுக்காது, இசை என்ற பெயராலேயே வழங்குக. தெலுங்கிலோ வடமொழியிலோ பாடினால், இராகமும் தாளமும் இயற்றியவர் பெயரும் சொல்லும் அறிவிப்பாளர், பாட்டின் பொருளையும் ஒரே ஒரு வாக்கியத்தில் தமிழிற் சொல்லுக. பொருளறிந்து கேட்பதால் எந்த இசையும் கெட்டதில்லை.

'வானொலி' என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்க, 1957 முதல் 'ஆகாசவாணி' எனும் பெயரைப் பரப்பினர். 2023-இல் அதுவே எங்கும் வழங்கவேண்டுமென்று ஆணையும் பிறப்பித்தனர். பெயர்ப் பலகையிலேயே வேலி தொடங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

காற்று எவனுக்கும் தனியுடைமையன்று. அதற்கு வேலியிட்டோர் தூய்மையைக் காக்கவில்லை. தம் காவலைத்தான் காத்துக்கொண்டனர். வேலி போனால் இசை அழியாது. இத்தனை காலம் வேலிக்கு வெளியே நின்று கேட்டானே, அவனும் பாடத் தொடங்குவான்!