பதினோரு அணிக்கு எத்தனை ஆட்டம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில், விளையாட்டு மேலாண்மை முதுநிலை மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு கணக்குக் கேட்டேன். 11 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. நாக்-அவுட் முறையில் நடத்தினால் எத்தனை ஆட்டம், எத்தனை அணிக்கு ‘பை’ (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கொடுக்க வேண்டும்? வகுப்பு அமைதியாக இருந்தது. ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை என்ன விலைக்குப் போனது என்று கேட்டதும் பாதிப்பேர் கை தூக்கினார்கள். 2023 முதல் 2027 வரை 48,390 கோடி ரூபாய். சரியான விடை.

முதல் கணக்கைப் பள்ளிகளுக்கான எந்தக் குறுவட்டப் போட்டியிலும் ஓர் உடற்கல்வி ஆசிரியர், நம் பி.டி. சார், நின்றபடியே போட்டுவிடுவார். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறுகிறது. பதினொன்றில் பத்து வெளியேற வேண்டும். ஆகவே 10 ஆட்டம். சுற்றுக்குச் சுற்று அணிகள் சரிபாதியாகக் குறைய 16 இடம் வேண்டும்; பதினாறில் பதினொன்று போக மீதி 5 பை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் லீக்காக நடத்தினால் 55 ஆட்டம் வரும். கையில் இருப்பது ஒரு மைதானமும் இரண்டு நாளும் என்றால் லீக் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கற்பித்ததை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள். எந்தக் கணக்கைக் கற்பிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தவர்களிடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

இந்தப் படிப்பு பிறந்தபோதே முதலாளி பக்கச் சாய்வு இருந்தது. 1957-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். விளையாட்டு அரங்கையோ அணியையோ நடத்தத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் எந்தக் கல்லூரியில் போய்த் தேடுவது என்பது அதன் சாரம். மேசன் அந்தக் கேள்வியைக் கீழே வைக்கவில்லை. 1966-இல் ஓஹியோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு தொடங்கியது. இந்தக் கதையைத் துறைக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு செய்தியையும் வைத்துப் படிக்க வேண்டும். அதே 1957-இல்தான், புரூக்ளின் மக்கள் தங்கள் அணி என்று கொண்டாடிய டாட்ஜர்ஸை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோவதாக ஓமாலி அறிவித்தார். அந்த அணி ஆடிவந்த எபெட்ஸ் ஃபீல்ட் 1960-இல் இடிக்கப்பட்டது. அரங்கை நடத்துவது யார் என்ற அவரது கேள்விக்கு ஒரு கல்வித்துறையே பதிலாக எழுந்தது. அணி யாருக்குச் சொந்தம் என்று புரூக்ளின்காரர்கள் கேட்டது வகுப்பறைக்குள் அவ்வளவாக வரவில்லை. முதலாளியின் தேவையிலிருந்து பிறந்த துறை, முதலாளியின் நாற்காலியிலிருந்தே விளையாட்டைப் பார்க்கப் பழகிவிட்டது.

நம் பக்கத்தில் தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முன்னோடி. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் பக்தான். தடத்துக்கு அளவெடுப்பது, நடுவராக நிற்பது, அணியைக் கூட்டிச் செல்வது, செலவுக் கணக்கு எழுதுவது எல்லாமே அந்தக் காலத்தில் ஒரே ஆளின் வேலை. 400 மீட்டர் ஓட்டத்துக்குத் தடம் வரையும்போது இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்லும் உடற்கல்வி ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் ஆண்டுதோறும் நடப்பது அவர்களால்தான். விளையாட்டு மேலாண்மை எம்.பி.ஏ. வந்தபோது இந்த மரபின் மேல் வந்து உட்காரவில்லை; பக்கத்துக் கட்டடத்தில் தனிக் கடை போட்டது. இங்கே மைதானக் கோடு தெரியும், ஒப்பந்தம் தெரியாது. அங்கே ஒப்பந்தம் தெரியும், மைதானக் கோடு தெரியாது.

இவ்வளவு சொன்னாலும், இந்தப் படிப்பு வேண்டும் என்கிற கட்சியைச் சேர்ந்தவன் நான். மைதான அறிவு மட்டும் போதும் என்று விட்டுவிட்டதற்கு நம் விளையாட்டு கொடுத்த விலை அதிகம். 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு இடைநீக்கம் செய்தது. அது நீங்கும் முன்பே 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிவிட, தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். 2022 ஆகஸ்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்து பத்து நாளில் விலக்கிக்கொண்டது. இரண்டும் சங்கத்தை நடத்துவதில் வந்த பழுது. ஆடியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய கல்வி என்பதற்கு இந்தியன் சூப்பர் லீக் ஒன்று போதும். கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தது; லீக் நடந்தது அந்த ஒப்பந்தத்தின் கீழ்தான். காலம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பது கையெழுத்திட்ட நாளிலேயே தெரிந்ததுதான். ஆனாலும் புதுப்பிக்கும் பேச்சு முடியாமல் 2025 ஜூலையில் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளை நிறுத்திவைத்தது; வேறு சில அணிகள் சம்பளத்திலும் கை வைத்தன. முடியும் தேதி தெரிந்த ஓர் ஒப்பந்தத்துக்கு முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்ய ஆளில்லை. இதைப் பாடமாக வைத்து ஒரு பருவம் முழுக்க நடத்தலாம். சட்டம், பொருளாதாரம், தொழிலாளர் உரிமை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேர்தல், குறைதீர்ப்பு, வீரர்களின் பிரதிநிதித்துவம் ஆகியவற்றுக்கு விதி வகுத்திருக்கிறது. அந்த விதிகளைக் கையாளப் படித்த ஆட்கள் சங்கங்களுக்கு இனி வேண்டும். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் உட்கார்ந்துதான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. புகாரை யார் வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது என்று தெரிந்த நிர்வாகி ஒவ்வொரு விடுதியிலும் இருந்தாக வேண்டும்.

படிப்பின் பயனும் அதன் குறையும் ஒரே இடத்தில் தெரிவது கூட்ட மேலாண்மையில். 2025 ஜூன் 3 இரவு அகமதாபாத்தில் பெங்களூரு அணி முதல்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் மாலையே பெங்களூரில் கொண்டாட்டம் வைத்தார்கள். சின்னசாமி அரங்கம் கொள்வது ஏறக்குறைய 35,000 பேர். திரண்டவர்கள் லட்சக்கணக்கில். வாயில்களில் நெரிபட்டு 11 பேர் செத்தார்கள். கோப்பையைப் பார்க்கப் போன பிள்ளைகள் பிணமாக வீடு திரும்பினார்கள்.

இதைத் தவிர்க்கும் அறிவு உலகத்தில் இல்லாமல் இல்லை. 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 66 பேர் இறந்த பிறகு, விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கென பிரிட்டனில் 1973-இல் ஒரு கையேடு வந்தது. பச்சைக் கையேடு என்பது அதன் பெயர். அது இருந்தும் 1989-இல் ஹில்ஸ்பரோவில் கூட்டம் நசுங்கி, கடைசிக் கணக்கில் 97 பேர் போனார்கள். அதற்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகின. ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் உள்ளே விட முடியும் என்று கணக்கு வைக்கக்கூடாது என்பது அந்தக் கையேட்டின் விதி. 35,000-ஐ 660-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அரங்கை நிரப்ப 54 சுழல்கதவு வேண்டும். உள்ளே இடமில்லாத மீதிப்பேரை எங்கே நிறுத்துவது, எப்படித் திருப்பி அனுப்புவது என்பது அதற்கடுத்த கணக்கு. இரண்டையும் போடாமல் விழாவுக்கு நாள் குறிக்க யாருக்கும் உரிமையில்லை. ரசிகர் ஈடுபாடு என்று ஒரு தாள் முழுக்கப் படிக்கும் மாணவர், அந்த ரசிகரின் நெஞ்சுக்கூட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று படிக்காமல் பட்டம் வாங்கினால், அந்தப் பட்டத்தை என்னால் ஏற்க முடியாது.

பாடத்திட்டத்தில் நம் மண் தென்படாதது இன்னொரு குறை. எங்கள் பக்கத்து ஊர்களில் மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். முதல் பரிசு இன்னார் நினைவாக இன்னார், கோப்பை இன்னார், பந்தல் இன்னார், சாப்பாடு இன்னார் என்று நோட்டீஸ் முழுக்கப் பெயர்கள். விளம்பர ஆதரவு பற்றிய பாடம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. யார் எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள், ஊரில் எந்தத் தெருவின் பெயர் அதில் வரவில்லை, ஏன் வரவில்லை என்று படித்தால் விளையாட்டின் பொருளாதாரத்தோடு சாதியும் தெரியும். விடிய விடிய ஆடிக் காலை ஒடித்துக்கொள்ளும் பையனுக்குக் காப்பீடு இருக்காது. மருத்துவச் செலவை நண்பர்கள் துண்டேந்தி வசூலிப்பார்கள். மதுரை ஜல்லிக்கட்டில் மாடு அவிழ்க்கும் வாடிவாசலைச் சுற்றி டோக்கன், கால்நடை மருத்துவர், தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் என்று எத்தனை ஏற்பாடு இருக்கிறது! மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு மாஸ்கோவிலிருந்து கைமாறி மார்ச்சில் சென்னைக்கு உறுதியானது; ஜூலை 28-ஆம் தேதி தொடக்க விழா. நாலரை மாதத்தில், 180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களுக்கு விசா, தங்குமிடம், சாப்பாடு, வண்டி! முன்னின்றவர்கள் அரசு அதிகாரிகளும் சதுரங்கச் சங்கத்தினரும் நடுவர்களும். அந்த அனுபவம் அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் வகுப்பறைக்கு வந்தாக வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் உதாரணங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க அவசியம் என்ன?

வேலை விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனங்களில் கட்டணம் லட்சங்களில். பெரிய லீக்குகள் ஆண்டில் சில மாதம்தான் நடக்கின்றன. அவற்றில் நிரந்தர வேலை குறைவு. இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் டீ-ஷர்ட்டும் சான்றிதழும் கொடுத்து இரவு பகலாக வேலை வாங்கி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மைதானத்தில் பழகுவது இந்தப் படிப்புக்கு உயிர். அதற்காகவே சொல்கிறேன், அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும். வீட்டில் வசதி உள்ள பிள்ளைதான் சம்பளமில்லாமல் ஆறு மாதம் வேறு ஊரில் தங்க முடியும்.

நான் மதிக்கும் ஓர் ஏற்பாடு ஃபிஃபா மாஸ்டர். முதலில் இங்கிலாந்தின் லெஸ்டரில் விளையாட்டின் வரலாறும் சமூகமும், பிறகு இத்தாலியின் மிலானில் மேலாண்மை, கடைசியில் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெலில் சட்டம். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஆட்டம் யாருடையது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பணக் கணக்குக்கு வருகிறார்கள்.

நம் பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு வளாகம் தேவையில்லை. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் போட்டிகள் நடக்கின்றன. முதல் பருவத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு குறுவட்டப் போட்டியின் பொறுப்பில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். ஃபிக்சர் போடட்டும், தண்ணீர் டேங்கர் வரவில்லையென்றால் யாருக்கு போன் செய்வது என்று கற்கட்டும், மாணவிகள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா என்று முந்தின நாளே போய்ப் பார்க்கட்டும். வயதுச் சான்றிதழில் தகராறு வரும், அதைத் தீர்க்கட்டும். மதிப்பெண் போடும் பொறுப்பை அங்கே இருபது வருடமாகப் போட்டி நடத்தும் பி.டி. சாரிடம் விடலாம். தூரத்து ஊரிலிருந்து வந்த மாணவிகள் அணி, இருட்டும் முன் வேன் ஏறிய பிறகே அன்றைய தேர்வு முடிந்ததாகக் கணக்கு.