ஒன்பது என்றால் பிள்ளை ஏன் சிரிக்கிறது?

வகுப்பில் ஒன்பது என்ற எண் வந்ததும் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இது இல்லை. டீக்கடையிலும் சினிமாவிலும் நம்ம வீட்டுத் திண்ணையிலும் பெரியவங்க பேசிக் கற்றுக்கொடுத்ததுதான். திருநங்கைகளின் தன்வரலாறுகளை இந்த இடத்திலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. நம் கூட்டங்களில் அவற்றைப் பற்றி எழும் பேச்சோ அறுவைச் சிகிச்சை, பிச்சை, பாலியல் தொழில் என்றே நின்றுவிடுகிறது. சிறுவயதுப் பக்கங்களை நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) யில் வாசல் பெருக்கி, கோலம் போட்டு, பெண்பிள்ளைகளோடு விளையாடும் ஒரு பிள்ளை வருகிறது. பள்ளியில் அடியும் கேலியும். ஊர் மாரியம்மன் திருவிழாவில் அதே பிள்ளை குறத்தி வேஷம் கட்டும்போது ஊரே ரசிக்கிறது. ஊருக்கு அது வேஷம், பிள்ளைக்கோ அதுதான் நிஜம். கூத்தில் பெண்வேஷம் கட்டுகிறவரை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற சனம்தான் நாமும். விடிஞ்சதும் என்ன ஆகிறது நமக்கு?

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) நம்மை இன்னும் கிட்டத்தில் வந்து தொடுகிறது. தலித் வீடு. ஆண்பிள்ளை மேல் அப்பா வைத்த நம்பிக்கை மலையளவு; பிள்ளை கலெக்டராகணும். படிப்பில் சறுக்கினால் அடி. சாத்திய கதவுக்குள் அக்காவின் பாவாடை, ஆட்டம். அந்த அப்பாவை வில்லனாக்கிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. படி, நிமிர்ந்து நில், ஆம்பளையா இரு என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் நாம். முதல் இரண்டும் நம் விடுதலைக்கானவை. மூன்றாவது, மீசை முறுக்கும் ஊர்த்தெருக்காரனிடம் கடன் வாங்கியது.

சாதிப் பேர் சொல்லி விரட்டப்பட்ட சேரிப் பிள்ளை அழுதுகிட்டு வீட்டுக்கு வந்தால், அதே வசவைக் கேட்டு வளர்ந்த அம்மா மடியில் போட்டுக்கொள்வாள். 'பொட்டை' என்று விரட்டப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலும் அதே வசவு, கூட ஓர் அடி. இரண்டு ஒடுக்குமுறையும் ஒன்றுதான் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடும் தோழர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

'அது ஆம்பளையா பொம்பளையாக்கா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. அந்த 'அது'தான் பிரச்சினை. (எம்.ஏ. தமிழ் படித்த தோஷம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தொல்காப்பியம் பேடியை உயர்திணையில் வைத்தது, நன்னூல் அஃறிணை போலவும் வரலாம் என்றது.) 'அது இல்லப்பா, அவங்க' என்று ஒரு சொல்லை மாற்றிக்கொடுத்தால் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. பெரியவங்களுக்குத்தான் நாக்கு வளைய மாட்டேங்குது.

2021இல் என்.சி.இ.ஆர்.டி. பாலின வேறுபாடுள்ள பிள்ளைகளைப் பள்ளி எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் இணையதளத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அரசாங்கத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நம் மாலை வகுப்புகள் இருக்கின்றன. ரேவதியின் கோலத்தை எங்கள் வகுப்பில் கதையாகச் சொன்னபோது, நாலாவது படிக்கும் ஒருத்தி கேட்டாள்: 'கோலம்தானக்கா போட்டாங்க, அதுக்கு எதுக்கு அடிச்சாங்க?' அடுத்த முறை அப்பாக்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து வாசிப்பதாக இருக்கிறோம்.